ஒன்பதரை மணிக்கு எல்லோரும்

"இந்த வாரம் மஞ்சள் மூடியா, பச்சை மூடியா?" என்று கிளெம் பாஸ்கோ வாசலில் நின்று கேட்டான்.

"மஞ்சள்" என்றாள் வெர்னா, அடுப்பிலிருந்து திரும்பாமலே.

"போன வாரம்தானே மஞ்சள் வெச்சோம்?"

"தெரியுதுல்ல, அப்புறம் எதுக்கு என்னைக் கேக்குறே? எதிர்வீட்ல எதை வெச்சிருக்காங்கன்னு பார்த்து அதையே வை."

"எதிர்வீட்டுக்காரன் என்னைப் பார்த்துத்தான் வைப்பான்" என்று சிரித்தபடி அவன் குப்பைத்தொட்டியை இழுத்துக்கொண்டு போனான். சக்கரங்கள் சரளையில் கடகடத்தன. பிறகு அவனுடைய ஓட்டக் காலணியின் சத்தம் தெருமுனைவரை கேட்டு ஓய்ந்தது. முப்பத்தெட்டு வருடக் குடித்தனத்தில் அவர்கள் கடைசியாகப் பேசிக்கொண்டது அவ்வளவுதான்.

நீரேற்று நிலையத்து வளைவில் விழுந்து கிடந்தவனை ரொட்டிக்கடை வண்டிக்காரர் பார்த்தார். ஊர்க்காரர்களே சம்பளமில்லாமல் ஓட்டும் ஆம்புலன்ஸ் பதினோரு நிமிடத்தில் வந்துவிட்டது. அன்று முறை கோரலியுடையது. தபால் நிலையத்தில் வேலை பார்ப்பவள், பள்ளி நாளிலிருந்து வெர்னாவின் தோழி. தன்னால் ஆனதையெல்லாம் செய்தாள். வீட்டு வாசலிலேயே விழுந்திருந்தாலும் முடிவு இதுதான், இதயம் அப்படி, என்று மருத்துவர் பிறகு சொன்னார். அது மே மாதம்.

அந்த ஆம்புலன்ஸுக்காகத்தான் ஒவ்வொரு ஏப்ரல் முதல் ஞாயிறும் டன்ஸ்டன் விரிகுடாவில் எட்டு கிலோமீட்டர் ஓட்டம் நடக்கிறது. அங்கே எல்லோரையும் ஒரே நேரத்தில் கிளப்பிவிடுவதில்லை. மெதுவாக ஓடுகிறவர்கள் முதலில் கிளம்புவார்கள், வேகக்காரர்கள் கடைசியில். அவரவர் வேகத்தைக் கணக்கிட்டு, எல்லோரும் சரியாக ஒன்பதரை மணிக்கு முடிவுக்கோட்டுக்கு வருவதுபோல ஆளுக்கொரு புறப்பாட்டு நேரம் குறித்துக் கொடுப்பார் ஒருவர். முதலில் கோட்டைத் தொடுபவருக்குக் கோப்பை. இருபத்தாறு வருடம் அந்த நேரத்தைக் குறித்தவன் கிளெம்.

பிப்ரவரியில் ஒவ்வொருவரையும் ஓடவிட்டு நேரம் எடுப்பான். அன்றைக்கு வேண்டுமென்றே மெதுவாக ஓடுகிற கெட்டிக்காரர்களைப் பிடிக்க, மார்ச் மாதம் முழுக்கக் கோதுமைக் கிடங்குக்குப் பின்னால் வண்டியை நிறுத்திக்கொண்டு பதுங்கியிருப்பான். சொந்தத் தம்பிக்கு ஒரு வருடம் இவன் கறாராகக் குறித்த நேரத்தால் கோபம் தலைக்கேறி, தம்பி அந்தக் கிறிஸ்துமஸ் விருந்துக்கே வரவில்லை. கிளெம் ஒரு தட்டு வான்கோழிக் கறியோடு மறுநாளுக்கான ஓட்டப் பயிற்சிக் குறிப்பையும் அவனுக்கு அனுப்பிவைத்தான்.

வெர்னா ஓடியதே கிடையாது. முடிவுக்கோட்டுக்கு அருகில் மேசை போட்டுத் தேநீர் ஊற்றுவது அவள் வேலை. ஒன்பது இருபத்தெட்டுக்குத் தேநீர்க் குடுவையை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்ப்பாள். கடற்கரைச் சாலையின் முனையில் முதலில் யாரும் இருக்க மாட்டார்கள். பிறகு திடீரென்று மொத்த ஊரும் திரும்பி வரும். கசாப்புக்கடைக்காரர், பள்ளி ஆசிரியை, எண்பது வயதை நெருங்கும் கிழவர், மாவட்ட அணியில் ஓடுகிற பெண், எல்லோரும் ஒரே கொத்தாக, ஒருவர் தோளை ஒருவர் இடித்துக்கொண்டு. யார் வெல்வார் என்று கடைசி ஐம்பது அடிவரை சொல்ல முடியாது. கிளெம் கடிகாரத்தைப் பார்க்காமல் அந்தக் கொத்தையே பார்த்துக்கொண்டு நிற்பான்.

ஜூலையில் ஒரு நாள் அவள் கோரலியிடம் சொன்னாள்: "அந்தக் கூட்டத்துக்குள்ள நானும் ஒரு தடவை வரணும்."

"எதுக்குள்ள?"

"ஒன்பதரை மணிக் கூட்டத்துக்குள்ள."

கோரலி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "உனக்கு அறுபத்தொண்ணு ஆவுதுடி. பஸ்ஸைப் புடிக்கக்கூட நீ ஓடினதில்ல."

"இங்க பஸ்ஸே இல்லையே, எங்க ஓடறது?"

முதல் வாரம் ஒரு மின்கம்பத்திலிருந்து அடுத்த மின்கம்பம்வரை ஓடினாள். பிறகு இரண்டு. கோரலி சைக்கிளில் பக்கத்தில் வருவாள். "நீ மூச்சு வாங்குறதைக் கேட்டா ஆம்புலன்ஸ் சாவி எங்கன்னு கை தானா தேடுதுடி" என்பாள். செப்டம்பரில் மேக்பை பறவைகள் குஞ்சு பொரித்து, போகிறவர் வருகிறவர் பின்மண்டையைக் கொத்தின. வெர்னா ஐஸ்கிரீம் டப்பாவைக் கவிழ்த்துக் கயிறு கட்டித் தலையில் மாட்டிக்கொண்டு ஓடினாள். பள்ளி வேனில் போன பிள்ளைகள் ஜன்னல் வழியாகக் கை தட்டினார்கள். நீரேற்று நிலையத்து வளைவுக்கு முன்னாலேயே நான்கு மாதம் திரும்பிவிட்டாள். நவம்பரில் ஒரு நாள் திரும்ப மறந்துபோனாள். வளைவு தாண்டியபிறகுதான் உறைத்தது. கடற்பாசி நாற்றம் வீசியது. அவ்வளவுதான். ஓட்டம் நிற்கவில்லை.

பிப்ரவரியில் நெவில் ஹாக்கிங் அவளுக்கு நேரம் எடுத்தான். கோதுமைக் கிடங்கில் எடைமேடை பார்ப்பவன், கிளெமின் உயிர் நண்பன். கிளெமின் பழைய நோட்டு இப்போது அவன் கையில்தான். எட்டு கிலோமீட்டர், அறுபத்திரண்டு நிமிடம். நெவில் அதை நோட்டில் எழுதிக்கொண்டான்.

ஓட்டத்தன்று காலை ஊர் மன்றத்தின் கதவில் புறப்பாட்டு நேரப் பலகை தொங்கியது. அவள் பெயருக்கு நேரே எட்டு இருபது என்று இருந்தது.

அவளுக்குக் கணக்குப் போட வேண்டிய தேவையே இருக்கவில்லை. இருபத்தாறு வருடம் சமையலறை மேசையில் கிளெமின் கழித்தல்களைச் சரிபார்த்தவள் அவள்தான். ஒன்பதரையிலிருந்து அறுபத்திரண்டு போனால் எட்டு இருபத்தெட்டு.

மேசைமேல் புதிதாக ஒரு வெள்ளிக் கோப்பை இருந்தது. அதில் கிளெம் பாஸ்கோ நினைவுக் கோப்பை என்று பொறித்திருந்தது. சுற்றி நின்றவர்கள் எல்லோரும் அவளைப் பார்த்து அளவுக்கு மீறிச் சிரித்தார்கள். கோரலி சட்டென்று குனிந்து காலணிக் கயிற்றைக் கட்ட ஆரம்பித்தாள். அவள் போட்டிருந்தது கயிறில்லாத காலணி.

வெர்னா நெவிலைத் தனியே அழைத்தாள். "என் நேரம் தப்பா இருக்கு."

"தப்பெல்லாம் இல்லையே."

"அறுபத்திரண்டு நிமிஷம். நீதானே கடிகாரத்தைப் புடிச்சே?"

"அன்னிக்கு எதிர்க்காத்து கொஞ்சம்…"

"காத்துக்கு எட்டு நிமிஷமா? எந்தப் புயல்ல ஓடினேன் நான்?"

நெவிலின் காது சிவந்தது. "ஊரே சேர்ந்து பேசி முடிவு பண்ணதும்மா. முதல் தடவை அந்தக் கோப்பை உங்க வீட்டுக்குப் போகட்டும்னு. யார் மனசுலயும் தப்பான எண்ணம் இல்ல."

"தெரியும். மாத்திடு."

"எப்படி மாத்துறது? பலகையில ஏறிட்டா யாருக்காகவும் அழிக்கக்கூடாதுன்னு சட்டம் போட்டதே உன் புருஷன்தான். அவன் நினைவு ஓட்டத்துல அவன் சட்டத்தையே மீறச் சொல்றியா?"

எட்டு நிமிடம் முன்னால் கிளம்பினால் எட்டு நிமிடம் முன்னால் வந்து சேருவாள். வெறிச்சோடிய சாலையில், ஒற்றையாளாக, எல்லோரும் கண் கலங்கக் கை தட்ட. ஒன்பது மாதம் அவள் ஓடியது அதற்கல்ல.

எட்டு இருபது. "வெர்னா பாஸ்கோ, கிளம்பலாம்!" என்று நெவில் ஒலிபெருக்கியில் கூவினான்.

அவள் புறப்பாட்டுக் கோட்டுக்குப் பின்னால் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"போம்மா!" என்று கூட்டத்தில் யாரோ கத்தினார்கள். "காது கேக்கலையா?" இன்னொரு குரல், "தூங்கிட்டாங்களா?"

எட்டு இருபத்திரண்டுக்கு உரியவர்கள் அவளைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்கள். இருபத்தைந்துக்குரிய கசாப்புக்கடைக்காரர் நின்று, "முட்டியில ஏதும் வலியா?" என்று கேட்டார்.

"இல்ல. உன் நேரம் ஓடுது, போ."

கோரலி அருகில் வந்து பல்லைக் கடித்தாள். "பிடிவாதக்காரி. அவனும் இப்படித்தான், நீயும் இப்படித்தான். உங்க ரெண்டு பேரையும் வெச்சுக்கிட்டு இந்த ஊரு என்ன பாடு பட்டிருக்கு."

"தேநீர்ல பால் கம்மியா ஊத்து. போன வருஷம் நீ ஊத்தினது வெறும் வெள்ளைத் தண்ணி."

எட்டு இருபத்தெட்டுக்கு நெவில் அறிவிப்பு எதுவும் செய்யவில்லை. ஆனால் ஒலிபெருக்கியைக் கீழே இறக்கி, அவளைப் பார்த்து லேசாகத் தலையசைத்தான். அவள் ஓடினாள்.

முதல் மூன்று கிலோமீட்டர் எதிர்க்காற்று நிஜமாகவே இருந்தது. வளைவில் தண்ணீர்க் கோப்பை நீட்டியவரிடம் வாங்கிப் பாதியை மோவாயில் ஊற்றிக்கொண்டாள். ஆறாவது கிலோமீட்டரில் தொடை கல்லாக இறுகியது. மின்கம்பங்களை எண்ணினாள். கடற்கரைச் சாலை முனை திரும்பும்போது முன்னால் கசாப்புக்கடைக்காரரின் அகன்ற முதுகு தெரிந்தது. பின்னால் மழை வருவதுபோல ஒரு சத்தம். திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. பல ஜோடிக் கால்கள்.

அப்புறம் அவள் அதற்குள் இருந்தாள். வலதுபக்கம் யாரோ மூச்சுக்கு ஒருமுறை கெட்ட வார்த்தை சொன்னார்கள். யாரோ அவள் குதிகாலை மிதித்து மன்னிப்புக் கேட்டார்கள். யாருடைய வியர்வையோ அவள் கன்னத்தில் தெறித்தது. மாவட்ட அணிப் பெண் இடையில் புகுந்து போனாள். "தள்ளுங்க தள்ளுங்க!" என்று எண்பது வயதுக் கிழவர் கத்தினார். கரையிலிருந்து பார்க்கும்போது இத்தனை சத்தம் கேட்டதில்லை என்று வெர்னா நினைத்துக்கொண்டாள். சிரிப்பு வந்தது. சிரிக்க மூச்சு இல்லை.

எழுபத்தொரு பேரில் இருபத்துமூன்றாவதாக வந்தாள். மணி ஒன்பதரை.

கோப்பையை வென்றது மரிசெல், ஏழு மாதம் முன்பு முதியோர் இல்லத்துக்கு வேலைக்கு வந்த செவிலி. அதைக் கையில் வைத்துக்கொண்டு, புல்லில் மல்லாந்து கிடந்த வெர்னாவிடம் வந்தாள். "அக்கா, இது உங்களுக்குச் சேர வேண்டியதுன்னு சொல்றாங்க. எனக்கு ஒரு மாதிரியா இருக்கு."

"நீ ஓடினே, நீ ஜெயிச்சே. இதுல என்ன ஒரு மாதிரி?"

"கிளெம் எப்படிப்பட்டவரு?"

வெர்னா எழுந்து உட்கார்ந்தாள். "குடுவையில தேநீர் இருக்கான்னு பாரு. இருந்தா ரெண்டு எடுத்துட்டு வா, சொல்றேன்."

இரண்டு கோப்பைத் தேநீர் ஆகும்வரை சொன்னாள். தம்பி வராத கிறிஸ்துமஸ் கதைக்கு மரிசெல் கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

மாலையில் நெவில் நோட்டோடு வந்து தலையைச் சொறிந்தான். பலகையில் உள்ள நேரத்திலிருந்துதான் கணக்கெடுக்க வேண்டும், வேறு வழியில்லை என்றான். "எழுது" என்றாள் அவள். மன்றத்தின் அலமாரியில் அந்த நோட்டு இன்றும் இருக்கிறது. வெர்னா பாஸ்கோ, எட்டு கிலோமீட்டர், எழுபது நிமிடம்.