ஏழாவது நாற்காலி

அந்த டிவித் தொடரில் வரும் வீட்டின் சாப்பாட்டு மேசையைச் சுற்றி ஏழு நாற்காலிகள். உட்காருகிறவர்கள் ஆறு பேர். ஒன்பது வருஷத்தில் மாமியார் இரண்டு தடவை செத்துப் பிழைத்துவிட்டார். மூத்த மகனுக்கு மூன்று முறை ஞாபகம் போய்த் திரும்பியிருக்கிறது. கடைசி மருமகள் மாடிக்குப் போனபோது ஒரு நடிகை, இறங்கி வந்தபோது இன்னொரு நடிகை. இத்தனை நடந்தும் ஜன்னலோர நாற்காலியில் மட்டும் ஒருத்தரும் உட்கார்ந்ததில்லை.

காரணம் ரைட்டரம்மா. சாப்பாட்டுக் காட்சி எழுதும்போதெல்லாம், யார் யார் இருக்கிறார்கள் என்ற பட்டியலுக்குக் கீழே "ஜன்னலோர நாற்காலி காலி" என்று ஒரு வரி தட்டிவிடுவாள். கதைப்படி அது மூத்த மகளின் இடம். முதல் எபிசோடிலேயே அவள் ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டை விட்டுப் போனாள். அதற்கப்புறம் இரண்டாயிரத்துச் சொச்சம் எபிசோடு ஓடிவிட்டது.

"எப்பதாம்மா வருவா அவ?" என்று டைரக்டர் வருஷத்துக்கு ஒரு தடவையாவது கேட்பார்.

"வருவா சார்."

"அதுக்குள்ள நான் ரிட்டையர் ஆயிடுவேன் போலிருக்கே!"

ரைட்டரம்மா சிரித்து மழுப்பிவிடுவாள். மழுப்புவதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது, பிழைப்பே அதுதானே. காலை ஆறு மணிக்கு உட்கார்ந்தால் ஒரு மணிக்குள் நான்கு காட்சி முடித்தாக வேண்டும். நடுவில் சேனல் மேடம் போன் செய்வாள். "மூத்த மருமகளுக்குத் தொண்டை கட்டிடுச்சாம். இன்னிக்கு யார்கூடவும் பேசாம கோவமா இருக்கான்னு மாத்திடுங்களேன்." மாற்றுவாள். ஊரே அந்தக் கோபத்துக்கு என்ன காரணமாயிருக்கும் என்று ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொள்ளும். தொண்டைக்கட்டு என்று இவளுக்குத்தான் தெரியும்.

இதற்கு முன் அவள் நாவலாசிரியை. எழுதியது ஒரே ஒரு நாவல். சும்மா சொல்லக்கூடாது, நல்ல நாவல். பரிசு வாங்கியது. பத்திரிகைக்காரர்கள் எல்லாரும் ஒரே இடத்தைத்தான் தூக்கிவைத்துக் கொண்டாடினார்கள்: கதாநாயகி எழுதி, அனுப்பாமலே வைத்திருக்கும் ஆறு கடிதங்கள். 'இவ்வளவு உண்மையாக எப்படி எழுத முடிந்தது' என்று ஒருவர் அதிசயப்பட்டார். எப்படி முடிந்தது என்றால், அவை உண்மைக் கடிதங்கள். கல்யாணத்துக்கு முன்னால் அவளுடைய அக்கா யாருக்கோ எழுதி, தையல் மெஷின் டிராயரில் பாபின்களுக்கு அடியில் ஒளித்து வைத்தவை. இவள் அதை எடுத்துப் படித்தாள், அழுதாள். அப்புறம் ஒரு வரி விடாமல் நாவலில் சேர்த்துவிட்டாள். எழுதுகிற வெறியில் அது திருட்டு என்றே தோன்றவில்லை. நம்புகிறவர்கள் நம்பலாம்.

ஆறு கடிதமும் ஒரே மாதிரிதான் முடியும்: 'உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், எனக்காக இல்லாவிட்டாலும்.' நாவலை ஆசையாக வாங்கிப் படித்த அக்கா புருஷன் அந்த வரியில் நின்றுவிட்டார். வேலை நிமித்தம் வெளியூரில் இருந்தபோது அக்காவிடமிருந்து அவருக்கு வந்த கடிதங்களும் அப்படியேதான் முடிந்திருந்தன. அவர் சத்தம் போடவில்லை. "இது எனக்கு மட்டும்னு நினைச்சிருந்தேன்" என்றாராம், அவ்வளவுதான். அன்று சாயங்காலமே அக்கா போன் செய்தாள்.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியாடி?"

அதுதான் அக்கா கடைசியாகப் பேசியது. அப்புறம் பத்து வருஷம். இவள் போன் அடித்தால் அந்தப் பக்கம் எடுப்பதில்லை. இரண்டு தடவை நேரில் போய் வாசலில் நின்றும் பார்த்தாள். அத்தான் கதவைத் திறந்து, தண்ணீர் கொடுத்து, அக்கா தூங்குகிறாள் என்றார். உள்ளே சமையலறையில் பாத்திரம் உருளும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு அவளுக்கு நாவல் வரவில்லை. பதிப்பாளர் கேட்டு அலுத்துவிட்டார். முதல் வரி எழுதுவாள். நாலாவது வரியில் அக்கா வந்து நிற்பாள், குளித்த தலையைத் துவட்டிக்கொண்டோ, இவளுக்குப் பென்சில் சீவிக்கொண்டோ. உடனே காகிதத்தைக் கசக்கிப் போட்டுவிடுவாள். உண்மையாக எழுத அவளிடம் இருந்ததெல்லாம் அக்காதான். தொடரில் அந்தத் தொல்லை இல்லை, அதில் எதுவுமே உண்மை இல்லை. அந்த ஒரு நாற்காலியைத் தவிர.

சின்ன வயதில் வீட்டில் ஜன்னலோர நாற்காலி அக்காவுடையது. அதன் பின்பக்க இடது கால் கொஞ்சம் குட்டை. அக்கா உட்கார்ந்தால் டக்கென்று ஒரு பக்கம் சாயும். தங்கை தன் கதை நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து மடித்து அடியில் வைப்பாள். "உன் கதை இதுக்காவது உதவுதே" என்று அக்கா சிரிப்பாள். அந்தச் சிரிப்பை இன்னொரு முறை கேட்க, வாங்கிய பரிசைத் திருப்பிக் கொடு என்றாலும் கொடுத்திருப்பாள்.

தொடர் ஆரம்பித்த புதிதில் அவள் செட்டுக்குப் போய், எப்போதும் வாயில் ஆணியைக் கவ்விக்கொண்டிருந்ததால் ஆணியண்ணன் என்று பெயர் வாங்கிய செட் தச்சரிடம் ஒரு காரியம் கேட்டாள்.

"அண்ணே, இந்த நாற்காலியோட பின்னங்கால்ல, இடது பக்கம், அரை விரக்கடை சீவிடுங்க."

அவர் ஆணியைத் துப்பினார். "யாருமே உக்காராத நாற்காலிக்கு எதுக்கும்மா இந்த வைத்தியம்? டிவில தெரியாதே!"

"தெரியாதுண்ணே. ஆனாலும் சீவிடுங்க."

ரைட்டர்கள் கொஞ்சம் ஒரு மாதிரி என்று அவருக்குத் தெரியும். சீவிக் கொடுத்தார். அக்கா தொடர் பார்க்கிறாளா இல்லையா என்பதுகூட இவளுக்குத் தெரியாது. ஆனாலும் ஒன்பது வருஷமாக அந்த வரியை ஒரு தடவை விட்டதில்லை.

இப்போது தொடரை முடிக்கச் சொல்லிவிட்டார்கள். மூன்று வாரம்தான் அவகாசம்.

"கடைசி எபிசோடுல மூத்த மகள் திரும்பி வரணும்" என்றாள் சேனல் மேடம். "பெரிய நடிகையா பாத்து வச்சிருக்கோம். வந்து அந்த நாற்காலில உக்கார்றா, எல்லாரும் அழறாங்க, சுபம்."

"அவ வரமாட்டா மேடம்."

"ஒன்பது வருஷமா வருவா வருவான்னு நீங்கதானே சொன்னீங்க?"

அக்கா வருவதாகத் தானே எழுதிக்கொண்டால் அது மறுபடியும் அதே திருட்டு. எழுதாவிட்டால் தொடர் முடியும், நாற்காலியும் குடோனுக்குப் போகும், அக்காவுக்கு ஒரு இடம் வைத்திருக்க இந்த உலகத்தில் வேறு மேசை இல்லை. இந்தக் கலவரத்தில் மற்ற காட்சிகளைக் கடகடவென்று எழுதித் தள்ளினாள். கடைசி எபிசோடை மட்டும் தொடவில்லை.

பத்து நாள் கழித்து, ஏழரை மணிக்கு டிவி முன்னால் உட்கார்ந்திருந்தாள். புது மாப்பிள்ளைக்கு விருந்து. கேமரா மேசையைச் சுற்றி வந்தது. மாப்பிள்ளை கை கழுவிவிட்டு வந்தான், காலியாக இருந்த ஒரே நாற்காலியை இழுத்தான், ஜம்மென்று உட்கார்ந்தான். டக். நாற்காலி இடப்பக்கம் சாய்ந்தது. டம்ளர் தண்ணீர் சட்டையில் கொட்ட, அவன் அசட்டுச் சிரிப்பு சிரித்தான். இயற்கையாக இருக்கிறதென்று டைரக்டர் அப்படியே விட்டிருக்கிறார்.

அவளுக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. கம்ப்யூட்டரைத் திறந்து அந்தக் காட்சியைத் தேடினாள். பட்டியல் இருந்தது, ஏழு பேர். அடியில் அந்த வரி இல்லை. செட்டில் தாளில் இருப்பதுதான் சட்டம், அவர்கள் மேல் தப்பில்லை. மறந்தது அவள். ஒன்பது வருஷத்தில் ஒரே ஒரு நாள் அக்காவை மறந்துவிட்டாள். தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

விளம்பர இடைவேளையில் போன் அடித்தது. டைரக்டராக இருக்கும் என்று பெயரைப் பார்க்காமலே எடுத்தாள்.

"அந்த நாற்காலி ஆடிச்சு" என்றது அந்தக் குரல். கொஞ்சம் கரகரத்துப் போயிருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

இவள் ரிமோட்டை எடுத்து டிவி சத்தத்தைக் குறைத்தாள்.

"எந்தக் கால்?" என்றது குரல்.

"பின்னாடி... இடது கால்க்கா."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. "தினமும் பாப்பேன். காலியா வச்சிருக்கா, வச்சிருக்கான்னு பாப்பேன். அது என்னுதுதானான்னு ஒரு சந்தேகம். கேக்கத்தான் மனசு வரல. இன்னிக்கு அந்தத் தடியன் உக்காந்ததும்..." அக்காவால் முடிக்க முடியவில்லை.

"மறந்துட்டேன்க்கா. இன்னிக்கு மட்டும் எழுத மறந்துட்டேன்."

"நல்லவேளை மறந்த."

இரண்டு பேரும் கொஞ்ச நேரம் அழுதார்கள். விளம்பரம் முடிந்து மாப்பிள்ளை திரும்ப வந்துவிட்டான். இரண்டு வீட்டு டிவியிலும் அவன் ஈரச் சட்டையோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"அக்கா."

"ம்."

"கடைசி எபிசோடுல அவ திரும்பி வரணும்னு சொல்றாங்க. நான் இன்னும் எழுதல." பத்து வருஷத்துக்கு முன்னாலேயே கேட்டிருக்க வேண்டிய ஒரு வார்த்தை அது. "எழுதட்டுமா?"

இவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு காத்திருந்தாள்.

"முதல்ல அந்தக் காலுக்கு அடியில ஏதாவது எழுதி மடிச்சு வை" என்றாள் அக்கா. "வந்ததும் விழுந்து தொலைக்கப்போறா."