உச்சிக்கு நாலடி கீழே

டெக்ஸாஸ் மாநிலத்துப் பேர்லேண்ட் ஊரில் வெள்ளியங்கிரியின் கிரீன்லாந்துக் கதையைக் கேட்காத தமிழர் கிடையாது. மீனாட்சி கோவில் பார்க்கிங்கில் யாராவது வாய்தவறிக் "குளிருதே" என்றால் போதும், மனுஷன் ஆரம்பித்துவிடுவார். மனைவி ஸ்வர்ணா சத்தமில்லாமல் காருக்குள் போய் உட்கார்ந்துகொள்வாள்.

தொண்ணூற்றொன்றில் நடந்த கதை. அவரும் கார்லும் டெக்ஸாஸில் ஒன்றாக ஜியாலஜி படித்தவர்கள். ஆராய்ச்சிக்காகக் கிரீன்லாந்தின் கிழக்குக் கரைக்குப் போன இடத்தில், அதுவரை யாருமே உச்சி தொடாத ஒரு மலை நின்றது. கடலில் பனிக்கட்டி விலகிக் கப்பல் நுழைவதே ஆகஸ்டில் சில வாரம்தான். அதில் ஏற இவர்களுக்கு முன்னால் வந்த முதல் குழு கரையிறங்கவே முடியாமல் திரும்பியது. அடுத்த குழு மேற்குத் தோள்வரை ஏறிவிட்டு, புயலுக்குப் பயந்து இறங்கிவிட்டது. அதற்கப்புறம் அந்தப் பக்கம் ஈ காக்காய் போகவில்லை. இவர்கள் இருவரும் பனியாற்றின் மேலேயே நடந்து, தெற்கு முகட்டைப் பிடித்து ஏறினார்கள்.

உச்சிக்கு நாலடி இருக்கும்போது வெள்ளியங்கிரி நின்றுவிட்டார். கறுத்த பாறை, அதன்மேல் உருண்டையாக வெள்ளைப் பனி. கோயமுத்தூரில் வருஷம் தவறாமல் வெறுங்காலோடு, தன் பேரையே கொண்ட சிவனின் மலை ஏறிய ஆளுக்கு வேறென்ன தோன்றும்?

"அது சாமி தலை கார்ல். நான் மிதிக்க மாட்டேன்."

கார்ல் அவரைப் பார்த்தான், பனியைப் பார்த்தான். "சரி, மிச்சத்தை அவரே வச்சுக்கட்டும்" என்று சிரித்துவிட்டு அவனும் அங்கேயே நின்றுவிட்டான். அடடா, என்ன மனசு! அந்தச் சிரிப்பை வெள்ளியங்கிரி இப்போதும் அப்படியே சிரித்துக் காட்டுவார்.

போன குளிர்காலத்தில் கார்ல் போய்ச் சேர்ந்தான். இந்தக் கோடையில் வேறொரு குழு அந்த மலைக்குக் கிளம்புகிறது. மலையேறிகள் சங்கத்துக்கு வரலாறு எழுதுபவர், அதற்குமுன் விஷயத்தைத் தெரிந்துகொள்ள ஃபோன் செய்தார். கார்லின் மனைவி மேகி அதற்காகவே ஆஸ்டினிலிருந்து வந்து சமையலறை மேசையில் உட்கார்ந்திருந்தாள். வெள்ளியங்கிரி ஸ்பீக்கரில் போட்டார்.

"உச்சியில கால் வச்சீங்களா? இல்லேன்னா முதல்ல ஏறினவங்கன்னு உங்க பேரைப் போட முடியாது. இப்பப் போறவங்களுக்குத்தான் அந்தப் பேரு."

"கார்ல் அந்த மலையைப் பத்தி என்கிட்ட வாயே திறந்ததில்ல. ஜெயிச்சானா தோத்தானான்னுகூட எனக்குத் தெரியாது" என்றாள் மேகி. கண் சிவந்திருந்தது.

வெள்ளியங்கிரி மேகியைப் பார்த்தார், ஃபோனைப் பார்த்தார். ஆயிரம் பேரிடம் சொன்ன கதை, இப்போது நாக்கில் ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது.

"நான் நாலடி கீழயே நின்னுட்டேன். கார்ல் ஏறினான். என் கண்ணால பார்த்தேன்."

மேகி முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். ஃபோனை வைத்ததும் ஸ்வர்ணா தமிழில் கிசுகிசுத்தாள்.

"ஏனுங்க, ரெண்டு பேருந்தான நின்னீங்க? சாமி விஷயத்துல போய் இப்படி..."

"அவன் எனக்காக நின்னான் ஸ்வர்ணா. இன்னைக்கு நான் அவனை ஏத்தி விட்டுட்டேன். சாமி கோவிச்சுக்கிட்டா என்னைக் கோவிச்சுக்கட்டும்."