வடைமாலை கட்டிய பாலம்

பாயான் பாருவில் ஜூலியானா குடியிருந்த பிளாட்டுக்கும் எதிரே இருந்த குன்றுக்கும் நடுவில் ஒரு சாலை. பழைய தீயணைப்புக் குழாய்களைப் பின்னி, இந்தப் பக்க மரத்திலிருந்து அந்தப் பக்க மரத்துக்கு ஒரு பாலம் தொங்கவிட்டிருந்தார்கள். லோத்தோங் என்று மலாயில் சொல்லும் கருங்குரங்குகள் கடப்பதற்காக. கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம். எதையோ கேட்டு அதிர்ந்துபோனது போன்ற முகம். உலகத்தில் மிஞ்சியிருப்பதே கொஞ்சம்தான். பாலம் வருவதற்கு முன்பு, அதிலும் ஒன்று, ஜூலியானா வேலைக்குப் போகும் ஃபேக்டரி பஸ்ஸின் சக்கரத்தில் மாட்டியது. பஸ் நிற்கக்கூட இல்லை.

அதன்பிறகுதான் அவள் வாயைத் திறந்தாள். பிளாட் நிர்வாகக் குழுக் கூட்டத்தில் எழுந்து, குரங்குகளுக்கு ஒரு பாலம் வேண்டும் என்றாள்.

"மனுசன் ரோட்டைத் தாண்டவே இங்க ஒரு ஜெஜாந்தாஸ் பாலம் இல்ல, குரங்குக்குப் பாலமா?" என்றார் தலைவர் மெய்யநாதன். எல்லோரும் சிரித்தார்கள்.

அவளுக்காகப் பேசியது அவர் மனைவி முத்தம்மை ஆச்சி ஒருத்திதான். "கட்டட்டுமே! இலங்கைக்கு நமக்காகப் பாலம் போட்டது யாராம்? பதிலுக்கு ஒண்ணு போட்டா குறைஞ்சா போயிருவோம்?"

பாலம் வந்தது. குரங்குகள்தான் வரவில்லை. மாதக்கணக்கில் அது வெறுமனே காற்றில் ஆடியது. பிறகு ஒரு மழைநாள் காலையில் ஒரு தாய் கடந்தது. நெஞ்சைக் கட்டிக்கொண்டு, ஆரஞ்சுத் தோல் நிறத்தில் ஒரு குட்டி. பின்னாலேயே மொத்தக் குடும்பமும்.

ஜூலியானா ஓடிப்போய் ஆச்சியிடம் சொன்னாள். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

அடுத்த சனிக்கிழமை, வீட்டு ஆஞ்சநேயர் படத்துக்குச் சாத்திய வடைமாலையையும் ஒரு சீப்பு வாழைப்பழத்தையும் ஆச்சி கொண்டுவந்து, பாலம் தொடங்கும் மரத்தில் கட்டினார். கும்பிட்டார். மத்தியானத்துக்குள் குப்பைத்தொட்டிகளைக் கிளறித் திரியும் சாம்பல் குரங்குகள் வந்துவிட்டன. அவற்றுக்குப் பஞ்சமே இல்லை. பாலத்தின் மேல் வரிசையாக உட்கார்ந்து வடை தின்றன. அந்தப் பக்கம் வந்த கருங்குரங்குகளைப் பல்லைக் காட்டி விரட்டின.

"ஆச்சி, கருங்குரங்கு இலை திங்கிறது. அதுக்கு வடை வேணாம். வடைக்கு வர்றது வேற குரங்கு."

"குரங்குல என்னம்மா வேற? எல்லாம் அவர் பிள்ளைங்கதான்."

"இதுங்க வந்து அதுங்கள விரட்டுது ஆச்சி."

ஆச்சியின் முகம் சுருங்கியது. "நீங்க மாதாவுக்குப் பூ வைக்கிறீங்க, மெழுகுவர்த்தி ஏத்துறீங்க. ஏன்னு நான் ஒருநாள் கேட்டிருக்கேனா?"

மாதாவுக்கு வைத்த பூவைத் தின்ன யாரும் வருவதில்லை. வாய்வரைக்கும் வந்ததை ஜூலியானா விழுங்கிக்கொண்டாள். அவள் பக்கம் இருந்தது இந்த ஒரு மனுஷிதான்.  பிறகு அவள் படியிறங்கினாள்.

அடுத்த வாரம் வடை கூடியிருந்தது. வந்தவர்களுக்குப் பற்றவில்லையாம்.

குரங்குகள் பால்கனிக்குத் தாவின. பால்கனியிலிருந்து அடுப்படிக்கு. மறுபடியும் கூட்டம் கூடியது.

"உன் குரங்கு கீழ்வீட்டு மோனிக்காவோட ரைஸ் குக்கரையே தூக்கிட்டுப் போயிருச்சு" என்றார் மெய்யநாதன்.

"அது லோத்தோங் இல்ல அண்ணே. அது வேற."

"குரங்கு குரங்குதான்லா."

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை, கை தூக்கினார்கள். ஆச்சி கூட்டத்துக்கே வரவில்லை. பாலத்தை அறுத்ததோடு, அது கட்டியிருந்த கிளையையும் வெட்டிப் போட்டார்கள்.

சனிக்கிழமை காலை ஜூலியானா பஸ்ஸுக்கு நின்றிருந்தாள். பிளாட்டுக்குப் பின்னால் வாகை தளிர்விட்டிருந்தது. அதைத் தேடிக் கருங்குரங்குகள் எதிர்மரத்துக்கு வந்திருந்தன. தாய்க்குரங்கு பாலம் இருந்த இடத்துக்குக் கையை நீட்டியது. ஒன்றும் தட்டுப்படவில்லை. மறுபடியும் நீட்டியது. பிறகு தலைகீழாக மரத்தில் இறங்கத் தொடங்கியது. குட்டி நெஞ்சோடு இருந்தது.

ஜூலியானா கைப்பையைப் போட்டுவிட்டு நடுரோட்டில் போய்க் கைகளை விரித்து நின்றாள். கார்கள் அலறின.

"அக்கா, சாவணும்னா வேற ரோடு, வேற ஜாலான்ல போய்ச் சாவுங்கலா!" என்றான் மோட்டார்சைக்கிளில் வந்த ஒருவன்.

ஹாரன் சத்தத்தில் தாய் பாதி மரத்திலேயே உறைந்து நின்றது. இறங்கவுமில்லை, ஏறவுமில்லை. மலையை வெட்டி ரோடு போட்டாயிற்று. அதற்கு ஈடாக ஒரு குழாய். அந்தக் குழாயும் போய், இப்போது ரெண்டு கை. நாளைக்கு இதுவும் இருக்காது. அவளுக்கு அழுகை வரவில்லை. யாரையாவது அறைய வேண்டும் போலிருந்தது. யாரை என்றுதான் தெரியவில்லை.

கார்களுக்குப் பின்னால் ஃபேக்டரி பஸ் வந்து நின்று ஹாரன் அடித்தது.

"நீ போ பிள்ளை. நான் நிறுத்துறேன்."

முத்தம்மை ஆச்சி. கண் சிவந்திருந்தது. விரித்த குடையைக் கார்களுக்கு நேரே கேடயம்போல் பிடித்துக்கொண்டு வந்தார். "அவுக அறுத்ததை நானா ஒட்டவைக்க முடியும்? நிக்கவாவது செய்யறேன். போ."

இன்னொரு முறை தாமதித்தால் வேலை இருக்காது. ஜூலியானா பஸ்ஸில் ஏறினாள். பஸ் ரோட்டோரமாக ஒதுங்கி ஆச்சியைத் தாண்டியதும், கடைசி சீட்டுக்குப் போய்ப் பின்கண்ணாடி வழியே பார்த்தாள். ஆச்சி அசையாமல் நின்றார். கார்களும் நின்றன. தாய் இன்னும் கொஞ்சம் இறங்கியது. அவள் மூச்சுவிட்டாள்.

அப்போது ஆச்சியின் மறுகை தோள்பைக்குள் போனது. ஒரு சீப்பு வாழைப்பழத்தை எடுத்து உயர்த்தி, வா வா என்று ஆட்டியது.

ஜூலியானா கண்ணாடியைத் தட்டினாள். ஏசி பஸ், கண்ணாடி திறக்காது. காவலாளி அறையின் கூரையில் சாம்பல் குரங்குகள் ஒவ்வொன்றாக எழுந்து நின்றன.