மடியில் வைத்த கை

என் மனைவி ஜோதி மேரி காய்ச்சலில் இறந்துபோவதற்கு முந்தைய வருடம், 2009 ஐப்பசியில், நாங்கள் கடலூரிலிருந்து சிதம்பரத்துக்குப் பஸ் ஏறினோம். அங்கே ஒரு சபாவில் மார்கழிக் கச்சேரிகளுக்கு ஆள் தேர்ந்தெடுத்தார்கள். அவள் பாடுவாள், நான் வயலின். கல்யாண வரவேற்புகளில் பாடியே சலித்துப்போனவளுக்கு ஒரு முழுக் கச்சேரி வேண்டும். முன்பே ஒருமுறை வேண்டாமென்று அனுப்பியிருந்தார்கள்.

"இந்த வாட்டியும் இல்லன்னா விட்டுடுறேங்க. சத்தியமா" என்றாள்.

சபா மேடையில் தோடி ராக ஆலாபனையைத் தொடங்கினாள். காந்தார ஸ்வரத்தில் குரல் அசைந்தபோது அவளுடைய வலது கையும் எழுந்து காற்றில் எதையோ இழைத்தது. சபாவின் செயலாளர் ராமாமிர்தம் மேசையைத் தட்டினார்.

"நிறுத்தும்மா. பாடுறியா, ஈ ஓட்டுறியா? கைய மடியில வச்சிக்கினு பாடு."

பக்கத்திலிருந்தவர்கள் சிரித்தார்கள். ஜோதி விரல்களைக் கோத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

நான் அவள் குரலைக் கேட்டு வாசிப்பவனல்ல. கையைப் பார்த்து வாசிப்பவன். கை ஏறினால் குரல் ஏறும், விரல் சுருங்கினால் அங்கே நிற்பாள். குரல் வருமுன்பே என் விரல் தந்தியில் இருக்கும். இப்போது பார்க்க ஒன்றுமில்லை.

அவள் குரல் கீழே இறங்கியது. நான் வயலினில் மேலே போனேன். ராமாமிர்தம் என்னை முறைத்தார். ஜோதியின் பாட்டும் பாடம் ஒப்பிப்பதுபோல் ஆகிக்கொண்டே வந்தது. மேல் ஷட்ஜ ஸ்வரத்துக்கு முன்னால் நின்றேவிட்டாள்.

"அவ்ளோதானா?" என்றார் ராமாமிர்தம்.

"இல்லிங்க சார். கைய கட்டிட்டா அடுத்தது எங்க போறதுன்னே தெரியல."

"அப்போ பாட்டு தொண்டையில இல்ல, கையில இருக்குதாக்கும்?"

"எங்க இருக்குதுன்னு எனக்குத் தெரியாது சார். ரெண்டும் சேந்தாத்தான் வருது."

அனுமதிக்குக் காத்திராமல் கையை எடுத்தாள். ஷட்ஜத்தில் உள்ளங்கை விரிந்து நின்றது. வழக்கமாக அங்கிருந்து நேராக இறங்குவாள். அன்று மணிக்கட்டு பக்கவாட்டில் திரும்பியது. வீட்டில் ஒருநாளும் பாடாத வழி. திரும்பியதைப் பார்த்தேன், வில்லை அந்தப் பக்கம் இழுத்தேன். இருவரும் ஒன்றாகப் போய் இறங்கினோம்.

யாரும் சிரிக்கவில்லை. ராமாமிர்தம் பக்கத்திலிருந்தவரிடம் ஏதோ முணுமுணுத்தார்.

"மார்கழியில, மத்தியானம் மூணு மணிக்கு வந்து பாடு. ஆளு இருக்காது. கைய எவ்ளோ வேணா ஆட்டிக்கோ."

"வர்றோம் சார்" என்றாள், அவர் மனம் மாறிவிடுமோ என்ற அவசரத்தில்.

மார்கழியில் முன்வரிசையில் சிலர் சாப்பாட்டு மயக்கத்தில் தூங்கினார்கள். ஜோதி தோடியை எடுத்தாள். நான் அவள் கையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.