பதினாறுக்கும் பதினேழுக்கும் நடுவில் பெய்த மழை

1

மழுப்பாமல் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை என் மண்டைக்கனத்தில் பிறந்தது.

கல்லேரிமலையில் மண் சரிந்து ஓர் ஆண்டு கழித்து, அந்தப் பக்கத்துப் பள்ளி ஆசிரியர்களுக்கு மூன்று நாள் பயிற்சி கொடுக்க என்னை அழைத்தார்கள். பேரிடரில் மனம் அடிபட்ட பிள்ளைகள் வகுப்பில் ஏன் முரண்டு பிடிக்கிறார்கள், ஏன் திடீரென்று கத்துகிறார்கள் என்று விளக்குவது என் வேலை. கையேடு நூற்றுப் பன்னிரண்டு பக்கம், நானே எழுதியது. (என் மனைவி மூன்றாம் பக்கத்தில் தூங்கிவிட்டாள்.)

இரண்டாம் நாள், மத்திக் குழம்புச் சாப்பாடு முடிந்து கூடமே தூங்கி வழிந்தது. எழுப்புவதற்காக மழைக் கைத்தட்டு நடத்தினேன். முதலில் ஒரு விரலால் உள்ளங்கையில் தட்ட வேண்டும், பிறகு இரண்டு, மூன்று. ஐந்து விரலும் சேரும்போது கூடத்துக்குள் அடைமழை பெய்யும். எல்லோரும் சிரித்தார்கள். உடனே பதினேழாவது ஸ்லைடைப் போட்டேன்: 'பழைய பயத்தைக் கிளப்பும் சத்தங்கள்'. பதினாறுக்கும் பதினேழுக்கும் நடுவில் நான் என்ன செய்தேன் என்பது எனக்கு உறைக்கவில்லை.

2

தொடக்கம், முதல் முயற்சி: 'மூடுபனி தழுவிய மலையை ஏக்கத்துடன் பார்த்தபடி லிஸம்மா டீச்சர்...'

அடித்துவிட்டேன். நாலாம் வகுப்பில் முப்பத்தெட்டுப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு எவர் மலையைப் பார்ப்பார்?

இரண்டாம் முயற்சி. லிஸம்மா டீச்சருக்குப் பயிற்சியில் மனதில் நின்றது கைத்தட்டு ஒன்றுதான். திங்கட்கிழமை, கணக்குப் பாடத்துக்கு முன் பிள்ளைகளை உற்சாகப்படுத்த அதையே நடத்தினார். ஐந்து விரலும் சேர்ந்தபோது ஷிஃபானா எழுந்தாள். வீட்டையும், உப்பா என்று கூப்பிட்ட தகப்பனையும் மண்ணுக்குக் கொடுத்தவள். பக்கத்தில் இருந்த தேவூட்டியின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். தேவூட்டி விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டாள்.

"அடியே, அவ கைய விடு! உனக்கென்ன கிறுக்கா?"

"எல்லாரையும் கூட்டிட்டு வாங்க டீச்சர்! சீக்கிரம்!"

வகுப்பு சிரித்தது. டீச்சர் அவளை வராந்தாவில் நிற்க வைத்தார். மறுநாளிலிருந்து ஷிஃபானா வரவில்லை.

3

வெள்ளிக்கிழமை எனக்கு போன் வந்தது.

"சாரே, பிள்ள நாலு நாளா வரல."

"டீச்சர், பதினேழாவது ஸ்லைடுல பாத்தீங்கன்னா..."

"ஸ்லைடு கிடக்கட்டும் சாரே. கைதட்டச் சொன்னது யாரு?"

(இங்கே நீண்ட தத்துவப் பத்தி ஒன்று எழுதியிருந்தேன். அதன் சாரம்: நான் இல்லை.*)

* நான்தான்.

என் முதல் பிரதியில் டீச்சர் குலுங்கி அழுதார். அதை அவரிடமே வாசித்துக் காட்டினேன். "நான் எங்க சாரே அழுதேன்? ஆத்திரம்தான் வந்துச்சு. பாதி என் மேல, பாதி உங்க மேல." பாதிதான் என்றது அவருடைய பெருந்தன்மை.

4

சனிக்கிழமை இருவரும் ஷிஃபானாவின் வாடகை வீட்டுக்குப் போனோம். அவள் உம்மா சாபிரா பால் சேர்க்காத சுலைமானி டீ கொடுத்தார். பிள்ளை கதவுக்குப் பின்னால் நின்றாள்.

"மோளே, நீ எங்களக் காப்பாத்தப் பாத்தே. எனக்குத்தான் புரியல. தப்பு என்னோடது. பள்ளிக்கூடத்துக்கு வந்துரு."

ஷிஃபானா தலையை மட்டும் நீட்டினாள்.

"கிளாஸ் பின் கதவ அலமாரி வச்சு அடைச்சிருக்கீங்களே டீச்சர். முப்பத்தெட்டுப் பேரும் ஒரே வாசல்ல எப்படி ஓடுவோம்?"

டீச்சர் என்னைப் பார்த்தார். நான் கையேட்டைப் புரட்டினேன். மூச்சுப் பயிற்சி இருந்தது, வண்ணம் தீட்டுதல் இருந்தது. கதவைப் பற்றி ஒரு வரியும் இல்லை. எனக்கு வெட்கமாக இருந்தது.

"அத எடுத்தா வரேன்" என்றாள்.

5

முடிவு (அ): அவள் சிரித்தபடி வருகிறாள். பயிற்சி அறிக்கையில் படத்தோடு போடுவார்கள்.

முடிவு (ஆ): அவள் வரவே இல்லை. சிற்றிதழில் போடுவார்கள்.

இரண்டையும் எழுதிக் கிழித்தேன். ஒன்பது வயதுப் பிள்ளை நேராக ஒரு கேள்வி கேட்டிருக்கிறாள். அதற்குப் பேனாவால் பதில் சொல்ல முடியாது.

அலமாரி கனத்த தேக்கு, நகர்த்த நாலு பேர் வேண்டும். ஞாயிறு காலை, சர்ச்சில் பூசை முடிந்ததும் டீச்சர் வந்துவிடுவார். சாபிரா வருகிறார். இடுப்பு வலியோடு நானும் வருகிறேன். நாலாவது ஆள் இன்னும் கிடைக்கவில்லை. நீங்கள் சும்மாதானே படித்துக்கொண்டிருக்கிறீர்கள், வந்து ஒரு பக்கம் பிடிப்பீர்களா?