வானதி, த/பெ பக்கிரி

பக்கிரி தன் வயலில் ஒரு மூலையை மட்டும் இருபது வருஷமாக உழுததில்லை. களத்தை ஒட்டிய மேட்டில் ஆறடி நீளம், நாலடி அகலம். ஒரு சாண் மண்ணை விடவும் மனசு வராத மனுஷன் அவர். வரப்பைச் சுரண்டிச் சுரண்டியே பக்கத்து வயல் துரைராசுவோடு வருஷா வருஷம் மல்லுக்கு நிற்பவர். அப்பேர்ப்பட்டவர் அந்த மூலைக்கு வந்தால் மட்டும் டிராக்டரை ஒடித்துத் திருப்பிவிடுவார். அறுப்பு மெஷின் டிரைவர் கேட்டால், "அது சாமி இடம்ப்பா, சுத்திப் போ" என்பார். ஊரும் நம்பிவிட்டது. காணாமல் போன கறவை மாடு கிடைத்ததற்காகத் துரைராசு பெண்டாட்டி ஒரு தடவை அங்கே பொங்கல் வைத்தாள். பக்கிரி தடுக்கவும் முடியாமல், நீட்டிய பொங்கலை வாங்கவும் முடியாமல் முழித்துக்கொண்டு நின்றார்.

அங்கே சாமியும் இல்லை, பூதமும் இல்லை. சுனாமி வந்த மறுநாள் வேளாங்கண்ணிக் கரையிலிருந்து தூக்கிவந்து அவர் புதைத்த ஒரு பெண் குழந்தை இருந்தது. அவருக்கும் அவர் மனைவி அமிர்தத்துக்கும் மட்டும் அது தெரியும். அமிர்தத்துக்கும் தெரியாத சங்கதி ஒன்று அதில் உண்டு. அதைச் சொல்லாமலே கண்ணை மூடிவிடலாம் என்றுதான் இருந்தார்.

விதி விட்டதா? இருபதாவது வருஷம் என்று டிவியில் மறுபடி கடலைக் காட்டிக்கொண்டிருந்த மார்கழியில், நாகப்பட்டினத்தில் பேங்க் வேலையில் இருக்கும் மகள் வானதி அவர் போனுக்கு ஒரு படம் அனுப்பினாள். "பாவம்ப்பா இந்தம்மா. உங்க குரூப்ல எல்லாம் போட்டு விடுங்க" என்று கூடவே அவள் குரல். படத்தில் நாலு வயதுப் பெண் குழந்தை. மஞ்சள் கவுன். முன்னால் நாலு பொத்தான்களில் மூன்று வெள்ளை, ஒன்று சிவப்பு.

பக்கிரி வாய்க்கால் கரையிலேயே உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்த இடம் சேறு என்பதுகூட அவருக்கு உறைக்கவில்லை.

படத்துக்குக் கீழே எழுதியிருந்தது: "என் மகள் மர்யம். நாகூர். சுனாமி அன்று வேளாங்கண்ணியில் வாப்பாவின் பொம்மைக் கடையில் இருந்தாள். வாப்பா மீரா உசேன் மூன்றாம் நாள் மையித்தாகக் கிடைத்தார். இவள் கிடைக்கவில்லை. இறந்தவர்களின் படம் ஒட்டிய பலகை அத்தனையும் பார்த்தேன். எதிலும் இவள் படம் இல்லை. ஆகவே உயிரோடு இருக்கிறாள். யாரோ நல்லவர்கள் எடுத்து வளர்க்கிறார்கள். அவர்களிடமிருந்து பிரிக்க மாட்டேன். ஒரு தடவை பார்த்தால் போதும். உம்மா, அனீஸா."

எதிலும் படம் இல்லையாம். எப்படி இருக்கும்? எடுக்கவிடாமல் செய்த பாவி இங்கே சேற்றில் அல்லவா உட்கார்ந்திருக்கிறான்!

சுனாமிக்கு மறுநாள் டிராக்டர் வைத்திருப்பவர்களெல்லாம் வரவேண்டும் என்று ஊருக்கு ஊர் சொல்லியனுப்பியிருந்தார்கள். வைக்கோல் ஏற்றும் டிரெய்லரோடு பக்கிரியும் போனார். எதை ஏற்றப் போகிறோம் என்று போகும்போது தெரியாது. மத்தியானத்துக்குள் கரைக்கும் குழிக்குமாக இரண்டு நடை அடித்துவிட்டார். சவுக்குத் தோப்பு ஓரத்தில் ஜேசிபி வெட்டிய குழி. பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் ஒருவர் நோட்டோடு உட்கார்ந்து, இறக்குகிற ஒவ்வொரு உடம்புக்கும் ஒரே கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார்: "தெரிஞ்சதா, தெரியாததா?" தெரிந்தது என்றால் பேரை எழுதிக்கொண்டு சொந்தக்காரர் கையில் கொடுத்துவிடுவார்கள். தெரியாதது என்றால் படம் எடுத்து, நம்பர் கட்டி, குழிக்குள். அந்தப் படங்கள்தான் பிறகு பலகையில் ஏறின.

மூன்றாவது நடையில் அந்த மஞ்சள் கவுன் குழந்தை வந்தது. முகத்தில் ஒரு கீறல் கிடையாது. இடுப்பில் கறுப்புக் கயிறு, அதில் நாகூர் தர்காவில் மந்திரித்த தாயத்து. அச்சு அசல் அதே தாயத்து வீட்டில் வானதி இடுப்பிலும் கிடந்தது. அவளுக்கும் அப்போது நாலு வயது. பக்கிரியே அவர் அம்மா நாகூர் ஆண்டவருக்கு நேர்ந்துகொண்டு பெற்ற பிள்ளை. பக்கிரி என்ற பேர் வந்ததே அப்படித்தான். அந்தப் பக்கத்தில் எந்தச் சாதி வீட்டுப் பிள்ளைக்கு நாகூர்க் கயிறு கட்டவில்லை? இது யார் வீட்டுப் பிள்ளையாக இருக்கும் என்று அவர் யோசிக்கவே இல்லை. நம் வீட்டுப் பிள்ளை என்றே கை நினைத்துக்கொண்டது.

"போட்டோ எடுக்கிறவரு அடுத்த குழிக்குப் போயிருக்காரு. அப்படி ஓரமா வச்சிட்டுப் போங்க" என்றார் நோட்டுக்காரர்.

ஓரத்தில் ஏற்கெனவே ஏழெட்டுப் பேர் கிடந்தார்கள். நாய் ஒன்று சுற்றிச் சுற்றி வந்தது. பக்கிரியால் குழந்தையை இறக்கி வைக்க முடியவில்லை.

"தெரிஞ்சதுதாங்க. என் பொண்ணு."

"பேரு?"

செல்வி, லட்சுமி, வாய்க்கு வந்த எதையாவது சொல்லித் தொலைத்திருக்கலாம். வாய்க்கு வந்தது வானதி. அப்பன் பேரையும் கேட்டு, வானதி, த/பெ பக்கிரி என்று நோட்டுக்காரர் எழுதினார். ஊர் கேட்டபோதுதான் பக்கிரிக்குத் திக்கென்றது. நாளைக்கு எவனாவது வீட்டுக்கே துக்கம் விசாரிக்க வந்து நின்றால்? இல்லாத ஊர் ஒன்றைச் சொன்னார். நோட்டுக்காரர் பேனாவை வைத்துவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டார். "மனசைத் தேத்திக்குங்கண்ணே." அந்தக் கும்பிடு பக்கிரியை விடவே இல்லை.

துண்டில் சுற்றி, வைக்கோலில் கிடத்தி, ஊருக்குக் கொண்டுவந்து புதைத்தார். மறுநாள் வீட்டு மாட்டுப் பாலைச் செம்பில் எடுத்துப்போய்த் தெளித்தார். ஓர் அப்பன் செய்ய வேண்டியதை ஒன்று விடாமல் செய்துவிட்டோம் என்று அப்போது ஒரு நிம்மதிகூட இருந்தது.

அந்த நிம்மதி எத்தனை நாளைக்கு? வானதிக்குக் காய்ச்சல் என்றால் போதும், ராத்திரியே அவளைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுவார். எங்கோ ஒரு நோட்டில் அவள் செத்துப்போனவள். ஸ்கூல் வேன் ஐந்து நிமிஷம் பிந்தினால் ரோட்டில் போய் நிற்பார். அவள் கல்யாணப் பத்திரிகை அச்சாகி வந்தது. பக்கிரி மகள் வானதி என்று எழுத்தில் பார்த்ததும் கட்டிலில் சாய்ந்தார். பொண்ணைக் கட்டிக்கொடுக்கிற அப்பனுக்கு இதெல்லாம் சகஜம் என்று கேலி பேசினார்கள். மடை திறக்கப் போகும்போது சில நாள் முதுகுக்குப் பின்னால் சின்னக் காலடிச் சத்தம் கேட்கும். திரும்பிப் பார்க்க மாட்டார். வா என்று கூப்பிடலாம் என்றால் அந்தப் பிள்ளைக்குப் பேர் கிடையாது. கொடுத்த பேரும் இன்னொருத்தியுடையது.

இப்போது அதற்குப் பேர் இருந்தது, மர்யம் என்று.

வீட்டுக்குப் போய் அமிர்தத்திடம் எல்லாவற்றையும் கொட்டினார். எழுதிக்கொடுத்த பேரையும் சொன்னார். அரிசி களைந்த கையோடு அவள் எழுந்து நின்றாள்.

"உசுரோட இருக்கற புள்ளை பேரையா? வேற பேரே கெடைக்கலையா உங்களுக்கு?" என்று தலையில் அடித்துக்கொண்டாள். உடனே வானதிக்குப் போன் போட்டு, என்ன சாப்பிட்டே என்று ஒன்றுக்கு நாலு தடவை கேட்டு, அவள் குரலைக் கேட்ட பிறகுதான் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்து மெதுவாகச் சொன்னாள்: "அந்தப் பொம்பளைகிட்ட சொல்லாதீங்க. மக இருக்கான்னு நெனப்புலதான் உசுரைப் புடிச்சுக்கிட்டு இருக்கா. அதையும் போய்ப் புடுங்கணுமா?"

"அவ ஊர் ஊரா தேடுறா அமிர்தம். நான் எடுத்து வச்சுக்கிட்டு சும்மா இருக்கறதா?"

"இருபது வருஷம் இருந்தீங்கள்ல?"

பக்கிரி போனை எடுத்தார். படத்துக்குக் கீழே இருந்த நம்பரைப் போட்டார். "உங்க மகளைப் பத்தி ஒரு விஷயம்..." என்று தொடங்கியதும் அந்தப் பக்கம் ஒரு பெண் குரல் படபடத்தது. "நல்லா இருக்காளா? நிக்காஹ் ஆயிடுச்சா? வேணாம், வேணாம், போன்ல ஒண்ணும் சொல்லாதீங்க. நேர்ல வாங்கண்ணே!"  பக்கிரி நாளைக்கு வருவதாக மட்டும் சொல்லி வைத்துவிட்டார். கோழை மனுஷன்! இருபது வருஷத்தில் அந்தத் தாய்க்குக் கிடைத்த ஒரே சந்தோஷமான ராத்திரி அவருடைய கோழைத்தனத்தால் வந்தது.

நாகூரில் வீட்டைக் கண்டுபிடிக்கக் கஷ்டப்படவே இல்லை. அனீஸா தெருமுனைக்கே வந்து நின்றிருந்தாள். ஐம்பது வயது இருக்கும். பக்கிரிக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே அழைத்துப் போனாள். நெய்ச்சோறு ஆக்கி வைத்திருந்தாள். தட்டை வைத்துக்கொண்டே பேசினாள்.

"ரேஷன் கார்டுல அவ பேரை எடுக்க நான் விடலண்ணே. கைரேகை வைக்கணும், ஆளைக் கூட்டிட்டு வாங்கன்னு கடையில சொல்றாங்க. வருவா, வந்து வைப்பான்னு சொல்லிட்டு வந்துட்டேன். அவ உசரமா? என் வீட்டுக்காரர் நல்ல உசரம்."

இனி ஒரு வார்த்தை கேட்டால் ஓடிப்போய்விடுவோம் என்று பக்கிரிக்குத் தெரிந்துவிட்டது. தலையைக் குனிந்துகொண்டார்.

"கவுன் உள்பக்க ஓரத்தைப் பச்சை நூல்ல கையால தச்சிருந்துதும்மா."

படத்தில் தெரியாத தையல் அது. அனீஸாவின் கரண்டி நின்றது. அது யாருக்குத் தெரியும்? போட்டுவிட்டவளுக்குத் தெரியும், கடைசியாகத் துண்டில் சுற்றியவனுக்குத் தெரியும். பக்கிரி எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். நோட்டு, பேர், இல்லாத ஊர், உழாத மூலை. 

அனீஸா வெடித்தாள். "உங்களை யாரு கேட்டா? குழியிலேயே கெடந்திருந்தா படத்தைப் பாத்திருப்பேனே! அன்னிக்கே அழுது முடிச்சிருப்பேனே! நல்லது பண்றேன்னு என் தலையில மண்ணை வாரிப் போட்டுட்டீங்களேய்யா!"

"ஆமாம்மா" என்றார் பக்கிரி. வேறு என்ன சொல்வது?

"அஞ்சு வக்துத் தொழுகையிலயும் அவளுக்கு நீண்ட ஆயுசைக் கொடு, நல்ல மாப்பிள்ளையைக் கொடுன்னு துஆ கேட்டேன். மவுத்தான புள்ளைக்கு! ஒரு நாள், ஒரே ஒரு நாள் அவளுக்குன்னு ஒரு பாத்திஹா ஓதலை. பெத்தவ ஓதாம அங்க தனியாக் கெடந்திருக்காளே என் தங்கம்." சுவரில் சாய்ந்து துப்பட்டியை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். நெய்ச்சோறு ஆறிப்போயிற்று. பக்கிரியும் அழுதார். எழுந்து போகவும் உரிமை இல்லை, இருக்கவும் உரிமை இல்லை என்று தோன்றியது.

வெகு நேரம் கழித்து அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அண்ணே, மேற்கே முகத்தைத் திருப்பி வச்சீங்களா? எங்கள்ல கிப்லாவைப் பாத்துத்தான் வைப்போம்."

ஆமாம் என்று ஒரு சொல் போதும். அந்தத் தாய் கேட்டது அதைத்தான். யார் போய் மண்ணைத் தோண்டிப் பார்க்கப் போகிறார்கள்? இதோ நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. குழிக்கரையிலும் இப்படித்தான் ஒரு சொல் இரக்கமாக வந்து நின்றது. 

"இல்லம்மா" என்றார். "எங்க வழக்கப்படி தெற்கே தலை வச்சு மல்லாக்கப் படுக்க வச்சேன். எனக்குத் தெரியாதும்மா."

 அனீஸா எழுந்து சோற்றை மூடி வைத்தாள். வீட்டுச் சாவியை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு, செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டாள்.

"வாங்க போவோம். இப்பக் கெளம்பினா அஸர் தொழுகைக்குள்ள போயிடலாமில்ல?"

பக்கிரி வாசல்படி இறங்கினார். பின்னால் கதவைப் பூட்டிக்கொண்டே, அவரிடம் சொல்வதுபோலவும் இல்லாமல், அவள் சொன்னாள்:

"தூக்கத்துல ஒரு இடத்துல கெடக்க மாட்டா அவ. ராவெல்லாம் உருண்டுக்கிட்டே இருப்பா, காலைத் தூக்கி என் மேலதான் போடுவா. இருபது வருஷம் ஆயிடுச்சேண்ணே. இந்நேரம் தானா மேற்கே திரும்பிப் படுத்திருப்பா."