மாமியின் பன்னிரண்டு அப்பளங்கள்

ஜான்சனிடம் மணி என்ன என்று கேட்டாலும் மகளைப் பற்றித்தான் பதில் வரும். "எட்டரை ஆவுது. டயானா இந்நேரம் வெல்டிங் ஆரம்பிச்சிருப்பா" என்பார். பட்டினப்பாக்கத்திலிருந்து முப்பது வருஷமாகக் கடலுக்குப் போகிற மனுஷன், பிடித்த மீனைப் பற்றிக்கூட இவ்வளவு அளந்தது கிடையாது. மணலில் வலை பிரிக்கிற இடத்தில் அவர் வாயைத் திறந்தாலே இளவட்டங்கள் "ஆரம்பிச்சிட்டாருடா" என்று எழுந்து போய்விடும். அதற்கெல்லாம் அவர் அசருகிற ஆள் இல்லை. பெருமைப்பட ஒரு பிள்ளை இருந்தால் பெருமைப்பட வேண்டியதுதானே, பூட்டி வைத்து என்ன செய்ய?

பிள்ளையும் லேசுப்பட்டவள் இல்லை. ஐடிஐயில் வெல்டிங் படித்தாள். ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரு சந்துக்குள் தகரக் கொட்டகை பிடித்து கேட், ஜன்னல் கிரில், மீன் கடைக்கு இரும்பு மேடை என்று செய்து கொடுக்கிறாள். இருபத்தேழு வயது. கடந்த மூன்று மாதமாக, ஞாயிற்றுக்கிழமை என்றும் பாராமல், வேறு ஒன்றைச் செய்துகொண்டிருந்தாள்.

அதன் பெயர் ஸ்மோக்கர். ஆள் நீளத்துக்கு ஓர் இரும்பு உருளை. ஒரு பக்கத்தில் சற்றுத் தாழ்வாக ஒட்டிக்கொண்டு ஒரு பெட்டி, மறுகோடியில் புகைபோக்கி. விறகு பெட்டிக்குள் எரியும், சாப்பாடு உருளைக்குள் இருக்கும். நெருப்பு சாப்பாட்டைத் தொடவே தொடாது. அனலும் புகையும் மட்டும் இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் போகும். "அடுப்ப பக்கத்து ரூம்ல வச்சிக்கினு சமைக்கிற மாரி" என்று ஜான்சன் கடற்கரையில் எல்லோருக்கும் விளக்கினார். யாரும் கேட்கவில்லை என்பது வேறு விஷயம்.

கேட்டவர் மயிலாப்பூர் கோமளவல்லி மாமி. பள்ளிக்கூடத்தில் பௌதிகம் நடத்தி ஓய்வு பெற்றவர். அவர் வீட்டு மாடிப்படிக்குக் கைப்பிடி போட்டுக் கொடுத்தது டயானாதான். போன வருஷம் மாமி அமெரிக்காவில் மகள் வீட்டுக்குப் போயிருந்தார். அங்கே மாப்பிள்ளை கொல்லைப்புறத்தில் இப்படி ஒரு சாதனத்தில் கத்திரிக்காயையும் சோளத்தையும் நாலு மணி நேரம் விறகுப் புகையில் போட்டு எடுத்திருக்கிறார். அந்தக் கத்திரிக்காயில் கொத்சு பண்ணிச் சாப்பிட்டதிலிருந்து மாமியின் நாக்கு மாறிவிட்டது. ஊர் திரும்பினால், புயலில் வீட்டு மாமரத்தின் பெரிய கிளை முறிந்து கொல்லையில் காய்ந்து கிடக்கிறது. இனி என்ன, ஸ்மோக்கர் வாங்கியே தீருவது என்று கிளம்பிவிட்டார்.

தேர்வில் இரண்டு நின்றன. ஒன்று, தி. நகரில் ஒரு பெரிய கடையில் பளபளவென்று நின்ற வெளிநாட்டுச் சரக்கு. மற்றொன்று டயானா செய்துகொண்டிருந்தது. மாமி கண்ணால் பார்த்து வாங்குகிற ரகம் இல்லை. தி. நகர்க் கடைக்காரரை அவர் கடை மொட்டைமாடியில் அடுப்பு மூட்ட வைத்து, உள்ளே பன்னிரண்டு அப்பளங்களைப் பரப்பி, மூடிவிட்டுக் காத்திருந்தார்.

"பெட்டி பக்கம் நாலு கரி. நடுவுல நாலு சரி. கோடியில நாலு பச்சை" என்று டயானாவிடம் வந்து சொன்னார். "கதவு இடுக்குல வேற புகை வந்துண்டே இருந்தது. ஆனா பாக்க லட்சணமா இருக்கு, நாளைக்கே கொண்டு வந்து வச்சுடறேங்கறான். சனிக்கிழமை உன்னோடதுக்கும் இதே பரீட்சைதான். அப்பறம் சொல்றேன் எதுன்னு."

ஜான்சனுக்கு அந்த வாரம் சோறு இறங்கவில்லை. மாமி இதை எடுத்துக்கொண்டால் மகள் செய்த முதல் ஸ்மோக்கர் மயிலாப்பூரில் போய் நிற்கும். எடுக்காவிட்டால் மூன்று மாத உழைப்பையும் அறுத்து யார் வீட்டு கேட்டுக்கோ போட வேண்டியதுதான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் டயானா தெர்மாமீட்டர் வாங்கப் பாரிமுனைக்குக் கிளம்பினாள். "நைனா, உள்ள முச்சூடும் எண்ணெ தடவி வையி. புது இரும்பு, துரு புடிச்சிரும். டின்னு மூலையில கீது."

மூலையில் இருந்தது ஒரு லிட்டர் நல்லெண்ணெய். ஜான்சன் அதைக் கையில் எடுத்துப் பார்த்தார். உப்புக்காற்று அடிக்கிற ஊரில் இரும்புக்கு நல்லெண்ணெயா? இது என்ன, தீபாவளிக் குளியலா? முப்பது வருஷமாக நங்கூரத்துக்கும் எஞ்சின் ஸ்டாண்டுக்கும் அவர் பூசி வந்தது ஒன்றே ஒன்றுதான். வீட்டுக்குப் போய் அந்த டப்பாவைத் தூக்கி வந்தார். கெட்டியான, அசல் மீன் எண்ணெய். உருளைக்குள் தலையை விட்டு, மூலை முடுக்கு விடாமல், வெல்டிங் தழும்பு ஒவ்வொன்றையும் விரலால் தடவித் தடவிப் பூசினார். எவ்வளவு சுத்தமான வேலை! ஒரு இடத்தில் பிசிறு இல்லை. சந்தோஷத்தில் இன்னொரு பூச்சும் கொடுத்தார். நல்லெண்ணெயை வீட்டுக்கு எடுத்துப் போய் மனைவி ஜான்சியிடம் நீட்டி, "இட்லிக்கு ஆவும், வச்சிக்கோ" என்றார்.

மறுநாள் காலை டயானாவுக்கு ஒன்றும் தெரியவில்லை. அந்த வீட்டு மூக்குகளுக்கு மீன் வாசனை என்பது வெறும் காற்று.

ஒன்பது மணிக்கு மாமி ஆட்டோவில் வந்து இறங்கினார். கையில் அப்பள டப்பா, நோட்டுப் புத்தகம், மடியில் கட்டாத குறையாக ஒரு கட்டு மாங்கட்டை. "என் எதிர்ல மூட்டு" என்றார். டயானா மூட்டினாள். கட்டை பற்றிக்கொண்டது. புகைபோக்கி வழியாகப் புகை மெல்லியதாக, நீலமாக ஏறியது. மாமி மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு கதவைச் சுற்றி வந்தார். இடுக்கில் ஒரு இழை புகை இல்லை. நோட்டில் ஏதோ குறித்தார்.

"ஆறு மில்லிமீட்டர் தகடு மாமி" என்று ஜான்சன் ஆரம்பித்தார். "யான மேல ஏறி நின்னாலும் நெளியாது. இவ பத்து வயசுலயே..."

"நைனா" என்றாள் டயானா.

தெர்மாமீட்டர் முள் ஏற ஏற, உருளையிலிருந்து ஒரு வாசனை கிளம்பியது. மாமி மூக்கைச் சுளித்தார். "என்னமோ வாடை வரதே?"

அப்போதுதான் ஜான்சனுக்கு உறைத்தது. மயிலாப்பூர். கோமளவல்லி மாமி. கத்திரிக்காய் கொத்சு. யோசிப்பதற்குள் வாய் முந்திக்கொண்டது.

"அது ஒண்ணுமில்ல மாமி. கடல்காத்து இப்டி திரும்பிக்கினு கீது. அந்தாண்ட கருவாடு காயப் போட்டுக்கீறாங்கோ."

"ஓ" என்றார் மாமி. டயானா அப்பாவை ஒருதரம் பார்த்தாள்.

முள் இருநூறைத் தொட்டதும் மாமி அப்பளங்களை வரிசைக்கு நாலாக, மூன்று வரிசை பரப்பினார். மூடி இறங்கியது. அந்த நேரத்தில் டயானா மெல்ல நகர்ந்து மூலைக்குப் போனாள். நல்லெண்ணெய் டின் இல்லை. அதே இடத்தில் அப்பாவின் பழைய டப்பா காலியாகக் கிடந்தது. எடுத்து முகர்ந்தாள். ஜான்சன் அங்கிருந்தே அவளைப் பார்த்து, மாமிக்குத் தெரியாமல், வேண்டாம் என்று தலையை ஆட்டினார். எந்த வலைக்காரனிடமும், எந்த மீன் வியாபாரியிடமும் இப்படிக் கெஞ்சியதில்லை அவர்.

மாமி மூடியைத் தூக்கினார். பன்னிரண்டு அப்பளங்களும் பொரிந்து, ஒரே பொன்னிறத்தில் கிடந்தன. கருகியது ஒன்று இல்லை. பச்சை ஒன்று இல்லை. பெட்டிப் பக்கம் எது, கோடிப் பக்கம் எது என்று சொல்ல முடியாது.

"அடி சமத்தே!" என்று மாமி கத்தியே விட்டார். "முப்பத்திரண்டு வருஷத்துல நான் நூத்துக்கு நூறு போட்டதே ரெண்டு பேருக்குத்தான்." ஓர் அப்பளத்தை எடுத்து ஊதி, வாயருகே கொண்டு போனார்.

"துன்னாதீங்க மாமி."

மாமியின் கை அப்படியே நின்றது.

"அது கருவாட்டு வாசன இல்ல" என்றாள் டயானா. "உள்ள மீன் எண்ணெ பூசிக்கீது. நைனா பூசிட்டாரு. இரும்புக்கு நல்லதுன்னுதான் பூசினாரு, வேற ஒண்ணுமில்ல. ஆனா உங்க வூட்டுக்கு இது ஆவாது."

ஜான்சனுக்கு அந்த இடத்திலேயே மண்ணுக்குள் போய்விடலாம் போலிருந்தது. மாமி அப்பளத்தைக் கீழே வைத்தார். புடவைத் தலைப்பால் விரல்களைத் துடைத்துக்கொண்டார்.

"நாலு தடவை எரிச்சா வாசனை போயிடாதோ?"

"போயிரும். ஆனா பூசலன்னு ஆயிராதில்ல மாமி."

மாமி நோட்டை எடுத்தார். பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு என்று எழுதி, கீழே அழுத்தமாகக் கோடு போட்டார்.

"இது வேண்டாம். இதே மாதிரி இன்னொண்ணு பண்ணு. அதே தகடு, அதே நீளம், ஒரு நூல் மாறப்படாது. தி. நகர்க்காரன்கிட்ட வேண்டாம்னு நான் சொல்லிக்கறேன்." பிறகு ஜான்சன் பக்கம் திரும்பினார். ஜான்சன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "உள்ள எட்டிப் பாத்தேன். ஒரு மூலை விடாம பூசியிருக்கேள். அதுக்கும் நீங்கதான் பூசணும். எண்ணெய் மட்டும் எங்காத்துலேர்ந்து வரும்."

ஆட்டோ போன பிறகும் ஜான்சன் நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை. டயானா கனல் மேல் மண்ணைத் தூவிக்கொண்டே, "இத்த நம்ம வூட்டாண்ட போட்டுக்கலாம் நைனா. நாளைக்கு வஞ்சிரம் வச்சிப் பாப்போம்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். திட்டியிருந்தால்கூட அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

மத்தியானம் ஜான்சன் பன்னிரண்டு அப்பளங்களையும் பேப்பரில் சுற்றிக்கொண்டு கடற்கரைக்குப் போனார். வலை பிரித்துக்கொண்டிருந்தவர்களுக்கு ஆளுக்கொன்றாகக் கொடுத்தார். அவர்களில் இளையவன் அஜித்குமார் கடித்துவிட்டு, "இன்னா மாமா, அப்பளத்துல மீன் வாசன வருது?" என்றான்.

ஜான்சன் மணலில் உட்கார்ந்தார். முதலிலிருந்து சொன்னார். நல்லெண்ணெயை வீட்டுக்குக் கொண்டுபோனது, ரெண்டு பூச்சுப் பூசியது, கருவாடு என்று புளுகியது, எதையும் விடவில்லை. அன்றைக்கு ஒருத்தரும் எழுந்து போகவில்லை.

"மெய்யாலுமே டயானா உன்ன மாட்டி வுட்டுச்சா மாமா?"

"ஆமாடா" என்றார் ஜான்சன். நெஞ்சு அவரையறியாமல் நிமிர்ந்தது. "மூணு மாசம் ராவா பகலா செஞ்சது. மாமி வாய்க்கிட்ட கொண்டு போய்ட்டாங்கோ. ஒரு நிமிஷம் கம்முனு இருந்திருந்தா முடிஞ்சிருக்கும். இருக்கலியே! என்னிய பக்கத்துல வச்சிக்கினே சொன்னாடா, என் பொண்ணு."